நாற்பத்து நான்காம் பக்கம்

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டைரி. கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கிறவள். மூன்றாம் வருடத்தை வகுப்பில் கழிக்காமல் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்து கழிக்க வேண்டும் என்பது அவர்கள் படிப்பின் விதியாம். அப்படித்தான் எங்கள் கிடங்குக்கு வந்து மாட்டிக்கொண்டாள். துணி துவைக்கும் மெஷின், ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் லாரியில் வந்து இறங்கி, கடை கடையாகப் பிரிந்து போகிற இடம் அது. நான் அங்கே பேக்கிங்கில் பதினொரு வருடம் இருந்தேன். கிழிந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பது அடிபடாமல் இருந்தால் புதுப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவது என் வேலை. என் மேசை ஓரத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டார்கள்.

முதல் நாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று, "அக்கா, இங்க லாஜிஸ்டிக்ஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"அதோ, முதுகுல வாஷிங் மெஷினைத் தூக்கிட்டுப் போறாரே, அவர்தாம்மா லாஜிஸ்டிக்ஸ்" என்றேன்.

தூக்கிக்கொண்டு போனது நெட்டை. எங்கள் சுமைக்காரர்களில் உயரமானவன், வாயாடி. அந்தப் பாரத்தோடும் திரும்பிப் பார்த்து அவளுக்கு ஒரு சலாம் வைத்தான். அவள் சிரித்தாள். நல்ல வேளை, அன்றைக்கே சிரித்துவிட்டாள்.

எங்கள் மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் இடி. கிடங்கின் கோடியில் நான்கு இரும்புப் படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை, அங்கேதான் அவன் இருப்பு. நான் இன்னமும் அவனை அவன் என்றுதான் சொல்வேன், மரியாதையை எதிர்பார்க்கிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அந்த வாரம் புதன்கிழமை, ஒரு சுமைக்காரன் மின்விசிறிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். இடி இறங்கி வந்தான். ஷட்டர் பூட்டைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு அந்தச் சுமைக்காரன் வாயில் ஒரே குத்து. இரண்டு பல் தரையில் விழுந்தது. பூட்டில் இருந்த ரத்தத்தை அடி வாங்கினவன் சட்டையிலேயே துடைத்துவிட்டு மேலே ஏறிப் போனான். தரையைத் துடைத்தது நான். பற்களை எடுத்து ஒரு காலி டேப் சுருளுக்குள் வைத்தேன், கேட்டால் கொடுக்கலாம் என்று. அவன் கேட்கவே இல்லை.

"போலீஸ்ல சொல்ல மாட்டீங்களாக்கா?" என்றாள் டைரி.

"என்னன்னு சொல்றது? ஏணியில இருந்து விழுந்துட்டான்."

அதுதான் எங்கள் வழக்கம். அலுவலகத்தில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. புரட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: ஏணியிலிருந்து தவறி விழுந்தார். பதினொரு வருடத்தில் எங்கள் கிடங்கில் ஒருவரும் அடி வாங்கினதில்லை, எல்லோரும் விழுந்தவர்கள்தான். அந்த ஒற்றை ஏணி பாவம், எத்தனை பேரைத் தள்ளிவிட்டதோ! ஆட்கள் எல்லாம் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், இன்றைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு வாசலில் நிற்க வேண்டும். நானும் ஒரு தடவை விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், இடி ஒரு கோப்பின் இரும்புக் கிளிப்பால் என் கன்னத்தில் அடித்தான். வீட்டுக்காரரிடம் கதவு இடித்துவிட்டது என்றேன். ஒரு நாள் டைரி அந்தத் தழும்பைப் பார்த்துக் கேட்டாள். "விழுந்தேன்" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

கல்லூரி அவளுக்கு ஒரு தடிமனான நோட்டு கொடுத்திருந்தது. வாரத்துக்கு ஒரு பக்கம். பக்க எண் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கல்லூரி முத்திரை குத்தியிருக்கும். கிழித்தாலும் விட்டுப்போனாலும் அந்த வருடமே செல்லாது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேலாளர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். விதிகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். மேலாளரால் முடியாத நிலையில், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஊழியர் யாராவது போடலாம் என்று ஒரு விதி இருந்தது.

"அப்ப இடி செத்தாத்தான் நம்ம அக்காவுக்கு சான்ஸ்" என்றான் நெட்டை. நான் கையில் இருந்த அட்டையை அவன் மேல் விட்டெறிந்தேன்.

முதல் வாரப் பக்கத்தை அவள் எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்தேன். பூட்டு, குத்து, பல், நான் தரையைத் துடைத்தது, எல்லாம் நேரத்தோடு எழுதியிருந்தாள்.

"உனக்கென்னடி பைத்தியமா? இதையா அவன்கிட்ட நீட்டப் போற?"

"நடந்ததை நடந்தபடி எழுதணும்னு எங்க சார் சொல்லியிருக்காருக்கா. வேற என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல."

தடுப்பதற்குள் படி ஏறிவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கையெழுத்தைக் கிறுக்கி, அதன் மேலேயே டீ கிளாஸையும் வைத்தான். அவள் வட்டக் கறையோடு நோட்டைக் கொண்டுவந்தாள்.

"படிக்கவே இல்லக்கா."

படிக்க மாட்டான். படிப்பது கிளார்க் வேலை, கையெழுத்துப் போடுவதுதான் மேலாளர் வேலை என்று அவன் பெருமையாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சீட்டுகள் அவன் கையெழுத்துக்கு வரும், ஒன்றையும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் துணிந்துவிட்டாள். ஒன்பதாம் வாரம் இடி ஒரு டிரைவரின் கையை ஷட்டருக்கு அடியில் வைத்து அழுத்தினது, இருபதாம் வாரம் ஒருத்தனை முட்டி போடவைத்து முதுகில் மிதித்தது, எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அவன் கையெழுத்து. ஊமைக்கோட்டான் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இத்தனை நெஞ்சழுத்தமா என்று எனக்கு ஆச்சரியம். பயமில்லாதவள் என்று சொல்ல மாட்டேன். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஒரு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா" என்பாராம். இங்கிருந்து துரத்திவிட்டால் அவளுடைய பட்டமே போய்விடும்.

நாற்பத்து மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. ஃபிரிட்ஜ் இறக்கும்போது அதைக் கட்டியிருந்த பெல்ட் அறுந்துவிட்டது. நெட்டை தாங்கிப் பிடித்ததால் அது கீழே விழவில்லை, ஒரு முனை மட்டும் நசுங்கியது. "பெல்ட்டை மாத்துங்கன்னு மூணு மாசமா சொல்றேன் சார்" என்றான். சொன்னது தப்பில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் தப்பு. இடி பக்கத்தில் கிடந்த ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்க நெட்டை குனிந்தான், அது கண்ணில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்ல? ஈரமான அட்டையை மிதித்தாற்போல் இருந்தது. நெட்டை கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அக்கா, கண்ணு கையில வருதுக்கா" என்றான். நாங்கள் அவனைச் சரக்குத் தள்ளுகிற வண்டியில் படுக்கவைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

பதிவேட்டில் ஏணி ஏறியது. வெள்ளிக்கிழமை டைரியின் நாற்பத்து மூன்றாம் பக்கத்திலும் கையெழுத்து விழுந்தது, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே போட்டான்.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கூடவே நெட்டையின் மனைவி. எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். பின்னால் இடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏணியில் இருந்து விழுந்தார் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். நானும் சொன்னேன். டைரியும் சொன்னாள்.

நெட்டையின் மனைவி என்னைத்தான் பார்த்தாள். "நீங்களுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அந்த வெள்ளிக்கிழமை நாற்பத்து நான்காம் பக்கத்தில் டைரி இப்படி எழுதியிருந்தாள்: 'திங்கள் அன்று அதிகாரி கேட்டபோது நாங்கள் எல்லோரும் பொய் சொன்னோம். நானும் பொய் சொன்னேன்.'

"இந்த வாரம் மட்டும் வேண்டாம்டி. அவன் உஷாரா இருக்கான். மூஞ்சியே சரியில்ல."

"ஒரு வாரம் விட்டா நோட்டே செல்லாதுக்கா. நெட்டை அண்ணனோட கண்ணுக்கு வேற சாட்சி கிடையாது. இன்னிக்குக் கையெழுத்து வாங்கிட்டு நேரா அந்த அதிகாரிகிட்ட போறேன்."

நாற்பத்து மூன்று தடவை படிக்காதவன் இன்றைக்கா படிக்கப் போகிறான் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதிகாரி வந்துபோன நாளிலிருந்து அவன் ஒவ்வொரு சீட்டையும் படித்துக்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நான்கு மணிக்கு அவள் படி ஏறிப் போய் நோட்டை நீட்டினாள். அவன் பேனாவை எடுத்தான். வைத்தான். படித்தான். முந்தின பக்கத்தைப் புரட்டினான். அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. தன் கையெழுத்தைத் தானே பார்க்கப் பார்க்க அவன் காது சிவந்ததைக் கீழேயிருந்தே பார்த்தேன். பிறகு அந்த நோட்டின் முனையாலேயே அவள் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். படி மேல் வைத்தே அவள் முடியைப் பிடித்துத் தலையைக் கைப்பிடிக் கம்பியில் மோதினான், ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் நோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டாள்.

என் கால் எப்போது படி ஏறியது என்று எனக்குத் தெரியாது. கையில் டேப் கன் இருந்தது. டேப்பை அறுக்கிற இரும்புப் பல் வரிசை அதன் முனையில் உண்டு. அதை அவன் கன்னத்தில் இறக்கினேன். என்னை அவன் அடித்த அதே பக்கம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாக இருந்தது. இன்னொன்று வைத்தேன். அவன் நிலை தடுமாறி நான்கு படியும் உருண்டான். கீழே எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். பல் போனவன்தான் முதலில் மிதித்தான். நான் போதும் என்று கத்துகிறவரை நிறுத்தவில்லை. உடனே கத்தினேன் என்றும் சொல்ல மாட்டேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் வேலை போயிற்று. வழக்கு இரண்டு பக்கமும் நடக்கிறது, இடி மேல் ஒன்று, என் மேல் ஒன்று. நெட்டைக்கு ஒரு கண் போனது போனதுதான், ஆனால் ஏணி என்ற பேச்சு எடுபடவில்லை. டைரி நெற்றியில் ஒரு தழும்போடு நான்காம் வருடம் படிக்கிறாள். இதெல்லாம் தானாக நடக்கவில்லை. போலீஸ் வருவதற்கு முன் அந்தக் கால் மணி நேரத்தில் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் என் துண்டை அழுத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் பக்கத்தின் மீதி இடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மேலாளரால முடியாத நிலைதானேக்கா இது? உங்களுக்குப் பதினொரு வருஷம் ஆச்சு. நீங்க போடலாம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். அவன் அவளை அடித்தது, முடியைப் பிடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரிக்கு வந்தேன். 'மேலாளர் படியிலிருந்து தவறி விழுந்தார்.'

"இது என்னடி?"

தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா. உங்களை மாட்டிவிட எனக்குக் கை வரல."

நாற்பத்து நான்கு வாரத்தில் அவள் எழுதின ஒரே பொய். எனக்காக எழுதினது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அவன் கன்னத்துல டேப் கன் பல்லு வரிசையா பதிஞ்சிருக்கு. விழுந்தான்னு சொன்னா எவன்டி நம்புவான்? இது ஒண்ணு பொய்யின்னு ஆச்சுன்னா மத்த நாப்பத்தி மூணும் பொய்யாயிடும். நெட்டைக்கு இருக்கிறது அந்த ஒரு பக்கம்தான். அடி. அந்த வரியை அடிச்சுட்டு, நடந்ததை எழுது."

அவள் அசையவில்லை. பேனாவை நானே வாங்கினேன். 'தவறி விழுந்தார்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, 'நான் டேப் கன்னால் இரண்டு முறை அடித்தேன், அதனால் விழுந்தார்' என்று எழுதினேன். என் கையெழுத்து கோணல் மாணலாக இருக்கும், அதனால் மெதுவாகவே எழுதினேன். பிறகு மறுபடியும் ஒரு தடவை முழுப் பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டேன்.