சக்கரம் இல்லாத ஹெலிகாப்டர்

விமானப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவரை ஆடுகோடிப் பகுதியில் ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை அங்கிள் என்றார்கள், பயிற்சியாளரும்.

பயிற்சி நிலையத்தின் முற்றத்தில் இரண்டு இயந்திரங்கள் நின்றன. ஒன்று மூன்று சக்கரங்கள் கொண்ட சிறிய விமானம். மற்றது ஹெலிகாப்டர்; சக்கரத்துக்குப் பதில் அடியில் இரண்டு நீளக் குழாய்கள். இரண்டும் பறந்து யாரும் பார்த்ததில்லை. காகங்கள் மட்டும் அவற்றை முழுமையாகப் பயன்படுத்தின.

செய்த வேலை ஒவ்வொன்றையும் தேதி, நேரம், கருவி எண் சகிதம் லாக் புக்கில் எழுத வேண்டும். பயிற்சியாளர் கையெழுத்திட்டால்தான் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: 'மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தேன்.' மற்றவர்கள் சீனியரின் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். அந்தச் சீனியர் தன் சீனியரைப் பார்த்து எழுதியவர்.

கடைசி நாளன்று பயிற்சியாளர் என் புத்தகத்தைத் தள்ளிவைத்தார்.

"என்ன அங்கிள், எல்லார் புக்கும் ஒரே மாதிரி இருக்கு, உங்களுது மட்டும் வேற மாதிரி இருக்கே? ஹெலிகாப்டர்ல வீல் சேஞ்ச் எங்க?"

"சார், அதுக்கு வீலே இல்ல."

"முப்பது பேரு மாத்தியிருக்காங்களே!"

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் வகுப்புத் தோழர் என் காதில் சொன்னார்: "இன்னா அங்கிள், சும்னே எதுக்குத் தகராறு? நான் லெஃப்ட், ரைட் ரெண்டும் மாத்திக்கீறேன். எழுதிட்டுப் போ அங்கிள்."

ஐந்து மணிக்குள் புத்தகம் தேர்வு அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்த முறை எனக்குத் தேர்வு இல்லை. பட்டறை வேலையையும் விட்டிருந்தேன். பேனாவை எடுத்தேன். நூல் பிசகாமல் கடைசல் செய்து பழகிய கை. 'மாற்றினேன்' என்று எழுத வரவில்லை. எழுதினேன்: 'சக்கரம் இல்லாததால் செய்யப்படவில்லை.'

கட்டம் நிரம்பியிருப்பதைப் பயிற்சியாளர் பார்த்தார். படிக்கவில்லை.

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம் இல்ல?" என்று கையெழுத்திட்டு, 'வேலை திருப்திகரம்' என்ற முத்திரையைக் குத்தினார்.

தேர்வு எழுதினேன், தேறினேன். அடுத்த ஆண்டு மாணவர்கள் என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். என் எழுத்து தெளிவாக இருக்கிறதாம். போன வாரம் அதைத் திருப்பித் தர வந்தவரின் லாக் புக்கை வாங்கிப் புரட்டினேன். ஹெலிகாப்டர் பக்கத்தில் என் வரி அப்படியே இருந்தது. மூன்று சக்கர விமானத்தின் பக்கத்திலும் அதே வரி. அடியில் அதே முத்திரை.