மாமன் கல்யாணத்தில் மவுத்தார்கன்

சண்டை முடிந்து அஸ்ஸாமிலிருந்து மாரண்டஹள்ளிக்குத் திரும்பிய என் தாய்மாமன், ஒரு மவுத்தார்கன் கொண்டு வந்தார். அங்கே ரோடு போட்ட அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய் ஒருவன் கொடுத்ததாம். மாமனுக்கு ஊதத் தெரியாது. அந்தச் சிப்பாய் கண்ணை மூடிக்கொண்டு காற்றை உறிஞ்சியதை மட்டும் செய்து காட்டினார். அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பேராம். இரண்டாம் பாரம் படித்த நான், அப்படியென்றால் நீலம் என்று ஊருக்கே விளக்கினேன்.

ஊதினால் சுரம் நேராக வந்தது. அது பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்குத்தான் ஆகும். உறிஞ்சியபடி நாக்கைப் பின்னுக்கு இழுத்தால், அதே சுரம் சறுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்கு வாத்தியார் யாருமில்லை. மாடு பூட்டி நீர் இறைக்கும் எங்கள் கவலையில், வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும்போது உருளை முனகும். அந்த முனகல் வரும்வரை உதடு வெடிக்க உறிஞ்சினேன்.

"பொட்டப்புள்ள தகரத்த வாயில வெச்சுக்கினு திரியறதா? கல்யாணத்துல இந்தச் சத்தம் கேட்டுது, கெணத்துல வீசிருவேன்" என்றார் அப்பா.

மாமன் கல்யாணத்துக்குத் தருமபுரியிலிருந்து பேண்டு செட் வந்தது. அவர்களோடு ஒரு பாட்டாவது வாசிக்காமல் விடுவதில்லை என்றிருந்தேன். கிளாரினெட்காரர் என் கையைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, முட்டாயா?"

"மவுத்தார்கனுங்க. நீங்க டிரம்ம மட்டும் அடிக்கச் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே டிரம்காரருக்குக் கண் காட்டினார். மெதுவாக அடி விழுந்தது. பந்தலின் நடுவில் நின்று உறிஞ்சினேன்.

"இதென்னடி, எழவு வூட்டுச் சத்தமாட்டம்" என்றாள் ஒருத்தி. அப்பா என்னை நோக்கி வந்தார். நான் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டேன். நிறுத்தவில்லை.

சமையல் பக்கமிருந்து அப்பாவின் தங்கை, என் அத்தை, வெளியே வந்தார். அவர் புருஷனும் பட்டாளத்துக்குப் போனவர். பர்மாவில் காணவில்லை என்று தந்தி வந்ததோடு சரி. செத்தார் என்று உறுதியாகாததால் கருமாதி இல்லை; யாரும் அழவும் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அத்தை எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவள் தோளில் கையைப் போட்டு, ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தார். ஒவ்வொருத்தியாக வந்து தோள் பிடித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். மணவறைக்கு எதிரிலேயே.

"எந்திரி தாயி, நல்ல காரியம் நடக்கற எடம்" என்று அப்பா கெஞ்சினார்.

"எத்தன நல்ல காரியத்துக்குண்ணா வாய மூடிக்கினு இருக்கறது?" என்ற அத்தை, என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஊது புள்ள."

ஊதினேன். டிரம்காரரும் விடவில்லை. மாலையோடு எழுந்து நின்ற மாமன், அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

முடிந்ததும் அத்தை முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன்.

"அத்தே, பொட்டு கலஞ்சிருச்சு. கண்ணாடி எடுத்தாரட்டுமா?"

பந்தலே வாயடைத்துக் கிடந்தது. என் வாசிப்பு அப்படி அசத்திவிட்டது போல என்று, பெஞ்சின் மேலிருந்தே சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.