கணக்கில் கூடிய தலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன்.

வாட்டர்லூ போர்க்களத்தில் பதினோரு வருடமாக நான் வழிகாட்டி. களத்திலுள்ள பழைய பண்ணை வாசலில் நின்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களை விரல் நீட்டித் தலை எண்ணி, தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுப்பது எங்கள் வழக்கம். விற்ற டிக்கெட்டை விட என் கணக்கில் மட்டும் எப்போதும் ஒன்று கூடும். அலுவலகத்து ரெனில்ட் விடமாட்டாள்.

"என்னடி கிஸ்லேன், இன்னைக்கும் ஒரு தலை அதிகமா? உன்னையும் சேத்து எண்ணிட்டியா?"

ஏப்ரலில் திபோ வந்தான். இருபத்தாறு வயது. ஆறே மாதத்தில் வருகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் கேட்டார்கள். அவன் பேசினால் கிழவர்கள்கூட அழுதார்கள். ஜூன் பதினெட்டு, போர் நடந்த நாள். அன்றைய சுற்று வருடாவருடம் என்னுடையது. அடுத்த வருடம் அதையும் அவனுக்கே தரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

எந்தப் புத்தகத்திலும் இல்லாததை எல்லாம் அவன் சொன்னான். எங்கிருந்து பிடிக்கிறான் என்று கண்டுபிடித்து மாட்டிவிட நினைத்தேன்.

நவம்பர் பதினான்கு. மாலை 4.10. நல்ல பனிமூட்டம். தலையை மூடிக்கொண்டு அவன் கூட்டத்தின் வாலில் நடந்தேன். வாசலில் அவன் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று நானும் எண்ணினேன். என்னை விட்டுப் பத்தொன்பது.

"பதினெட்டு," என்று எழுதிக்கொண்டான் திபோ.

என் பழைய தப்புதான் என்று விட்டுவிட்டேன்.

4.25. தோட்டச் சுவர். திபோ பேச்சை நிறுத்தினான். தலையை இடப்பக்கம் சாய்த்தான்...

"இங்க செத்தவருக்கு இடது பூட்ஸ் பெருசு. உள்ள வைக்கோல் திணிச்சிருந்தாரு. உயிர் போறப்பவும் அதைத்தான் சரி பண்ணிட்டிருந்தாரு."

யாரோ விம்மினார்கள்.

திபோவின் இடப்பக்கம் ஒருவன். நனைந்த நீளக் கோட்டு. திபோவின் காதருகே குனிந்திருந்தான்.

சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறான். பிடித்துவிட்டேன்.

4.40. கூட்டம் கலைந்தது. சரளைக்கல்லில் ஒரே ஒரு நடைச் சத்தம்.

தப்... சர்ர்ர்... தப்... சர்ர்ர்...

இடது கால் இழுபட்டது.

"யாருடா அவன்?"

திபோ வெளிறிப்போனான். "உங்களுக்கும் தெரியுதா?"

"எங்க புடிச்ச?"

"நான் புடிக்கல, கிஸ்லேன். மொத நாளே பாத்தேன். உங்க பின்னாடிதான் நின்னாரு. உங்க காதுலதான் சொல்லிட்டிருந்தாரு. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

திரும்பினேன்.

யாருமில்லை.

சுவரடியில் ஒரு பிடி வைக்கோல். ஈரமாக...

மறுநாள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருடமும் ஒன்று கூடுதல். மே மூன்றாம் தேதியோடு அது நின்றிருந்தது. அதன் பிறகு என் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. திபோ தனியாக முதல் சுற்று நடத்தியது மே நான்கு.

ஜூன் பதினெட்டை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அன்று ஓரமாக நின்று அவன் கூட்டத்தை எண்ணினேன். ஒன்று கூடியது.

பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.