லீவுக்கு முன்னால் காலி செய்யும் குளம்

"சரோ, குளத்த காலி பண்ணிட்டு எல்லாரும் லீவுக்குப் போங்க. மழை வந்தா எனக்குத்தான் தலைவலி."

இப்படிச் சொன்னவர் எங்கள் புராஜெக்ட் மேனேஜர் குணா. தைப்பூச விடுமுறைக்கு இரண்டு நாள் இருந்தது. பத்துமலைக்கு மேலே, செலாயாங் பக்கம் ஒரு குன்றைச் சீவி கொண்டோமினியம் கட்டிக்கொண்டிருந்தோம். குன்றைச் சீவினால் மழையில் மண் கரைந்து ஓடும். அது நேரே ஆற்றுக்குப் போகாமல் தேங்கி அடியில் படியட்டும் என்று ஒரு குளம் வெட்டுவோம். சில்ட் குளம் என்போம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சைட்டிலேயே பூட்ஸ் தேய்ந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது.

பழக்கம்

எல்லா சைட்டிலும் ஒரு கேடுகெட்ட பழக்கம் உண்டு. நீண்ட விடுமுறை வந்தால் பம்பின் ஹோஸை அடிச்சேற்றில் இறக்கிக் குளத்தை வழித்து இறைத்துவிடுவார்கள். அது சைட்டை ஒட்டிய லொங்காங்கில், அதாவது கால்வாயில் விழும். லொங்காங் ஆற்றில் போய் விழும். சீனப் புத்தாண்டோ ராயாப் பெருநாளோ தீபாவளியோ, விடுமுறைக்கு முன்பே ஆறு தே தாரிக் பால்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். ஆற்றுக்குப் போகக் கூடாது என்று மாதக்கணக்கில் பிடித்துவைத்த சேற்றை ஒரே நாளில் அதே ஆற்றில் கொட்டுவார்கள். கேட்டால் ஹவுஸ்கீப்பிங் என்பார்கள்.

"சார், கீழ தைப்பூசம். காவடி எடுக்கிறவங்க அந்த ஆத்துலதான் குளிப்பாங்க," என்றேன்.

"ஆறுதானே சரோ. ஓடிப் போயிரும்லா."

"சேறு ஓடாது சார். கரையிலதான் நிக்கும்."

"பண்ட் உடைஞ்சு ரோட்டுல விழுந்தா யார் பதில் சொல்றது? நீயா?"

அந்தப் பயம் நியாயமானதுதான். குளம் வாய்வரை நிறைந்திருந்தது. இன்னொரு பெரிய மழைக்கு பண்ட் என்கிற அந்த மண்கரை தாங்காது. தண்ணீரை எடுத்தே ஆகவேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் சண்டை.

சேகரும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவன், செந்தூல்காரன். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் பிழைத்ததற்காக அந்த வருடம் காவடி நேர்ந்திருந்தான். விரதம் என்பதால் கேண்டீனில் அவனைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தார்கள். "சாமி, இன்னிக்கு நண்டு சம்பல்! வாசனையாச்சும் புடிச்சிட்டுப் போங்க!" என்று கத்துவார்கள். அவனும் சளைக்காமல், "வெரதம் முடியட்டும், ஒங்க தட்டையும் சேத்து முழுங்குறேன்," என்பான்.

குணா போன பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, நானே சேத்த எறக்கிவுட்டு நானே அதுல முழுகணுமா?"

அதற்குப் பிறகு எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

தோங்

புதிதாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மேல்தண்ணீரை மட்டும் எடு, அடியைக் கலக்காதே என்று சைட் டிராயிங்கிலேயே போட்டிருக்கும். யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் செய்தோம். படிகாரம் எவ்வளவு போட்டால் தெளிகிறது என்று மினரல் பாட்டில்களில் முதலில் பார்த்துக்கொண்டோம். அந்தக் கணக்கில் குளத்தில் கரைத்து, கலக்காமல் விட்டுவிட்டோம். மழையில் மண் கரையாமலிருக்க வெட்டுப்பட்ட சரிவு முழுவதும் கன்வாஸ் விரித்தோம். மறுநாள் தோங் என்கிற காலி பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் ஹோஸின் வாயைக் கட்டி மிதக்கவிட்டோம். தண்ணீர் இறங்க இறங்க தோங்கும் இறங்கும். ஹோஸ் சேற்றைத் தொடாது.

குணா வந்து பார்த்தார். "என்னம்மா இது, வாத்து மாதிரி மெதக்குது? எப்ப முடியும்?"

"முடியிறப்ப முடியும் சார்," என்றான் சேகர். "நீங்க வூட்டுக்குப் போயி பொங்கல் வைங்க."

அன்று மாலை லொங்காங்கில் விழுந்த தண்ணீரில் அடிக்கல் தெரிந்தது. குளம் பாதிக்குமேல் இறங்கியதும் பம்பை நிறுத்தினோம். மழைக்கு இடம் கிடைத்தது, சேறு குளத்தின் அடியிலேயே கிடந்தது. கரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பி ஓ, பால் விடாத காப்பி, குடித்தோம். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு சேகர் மகனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். எத்தனையோ கட்டடங்களுக்கு வேலை பார்த்திருக்கிறேன். அவை இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அந்த மாலைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆறு

தைப்பூசத்தன்று சேகரின் குடும்பத்தோடு ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல் வந்துகொண்டிருந்தது.

சேகர் என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, நம்மளோடதா?"

"இல்லடா. நம்ம மண்ணு சாம்பல் நெறம். இது மேல இன்னொரு சைட்டு."

தலை முழுகாமல் காவடி எடுக்க முடியாது. "முருகன் பாத்துக்குவாரு," என்று இறங்கி முங்கினான். எழுந்தபோது அவன் தோளில் செம்மண் வழிந்தது.

அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். "எந்த மடையன்டா இப்படித் தண்ணிய வுட்டது?"

வேட்டி கட்டிக்கொண்டு குணா நின்றார். பால்குடம் எடுக்க வந்திருந்த அவர் மனைவி குளித்துக் கரையேறியிருந்தார். மஞ்சள் சேலை முழுக்கச் சேறு. அதே ஆற்றில் தன் வீட்டுக்காரியும் குளிப்பாள் என்பது, குளத்தை வழிக்கச் சொன்ன அன்றைக்கு அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

"லீவுக்கு முன்னாடி குளத்த காலி பண்ணின யாராச்சும் ஒரு மேனேஜரா இருக்கும் சார்," என்றேன்.

அவர் யாரிடமோ ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வாங்கி மனைவியின் கூந்தலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்ததும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தச் செம்மண் சைட்டைத் தேடிப் போனார். குளம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. பம்பின் ஹோஸ் இன்னும் அடியிலேயே கிடந்தது. அந்த சைட்டின் மேனேஜர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான்.

"எல்லாரும் செய்றதுதானே பொஸ். ஆறுதானே, ஓடிரும்லா."

"ஓடல பொஸ்," என்றார் குணா. "என் வீட்டுக்காரி தலையில நிக்குது. வந்து அலசிவுடு."

அதன்பிறகு அவர் மேனேஜராக இருந்த எந்த சைட்டிலும் குளத்தில் ஒரு தோங் மிதக்கும். அதிகாரிகளின் அபராதம் அவரைத் திருத்தவில்லை, என் கத்தலும் திருத்தவில்லை.

இப்போது குளிக்கிற இடத்தில் குழாய்கள் இருக்கின்றன. பலர் ஆற்றில் இறங்குவதே இல்லை. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்றில் கால் வைக்காதவனுக்கு அதன் நிறத்தைப் பற்றி என்ன கவலை? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் நாளே குளத்தங்கரைக்குப் போங்கள். ஹோஸின் வாய் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அடியில் கிடந்தால் தூக்கிக் கட்டுங்கள். மேனேஜருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.