சஹனால் அளந்த பலகைத் தளம்

எங்கள் பின்வளவு முழுக்க மணல். கடற்கரை ஊரில் வேறென்ன இருக்கும்? காலால் நடக்கிறவனுக்கு அது சொகுசு. சக்கர நாற்காலிக்கு அது கடல்.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, முதல் தடவையாக அவளை வெளியே கொண்டுபோகும் வீரச் செயலை நான்தான் செய்தேன். குசினி வாசலிலிருந்து ஒரே தள்ளு. முன் சில்லுகள் இரண்டும் மணலில் புதைந்தன. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அவளுடைய தம்பி ஓடிவந்தான். கரைவலைத் தோணியை இழுப்பதுபோல இருவரும் மூச்சுப் பிடித்து இழுத்து உள்ளே ஏற்றினோம். பகிடிக்கு "ஏலேலோ" என்று குரல் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போதும். இனி நான் வெளிய வரல்ல," என்றாள்.

அதற்குப் பிறகு குசினி ஜன்னல்தான் அவளுக்கு வளவு. பெயின்ற் வாளிகளில் அவள் வளர்த்த கொச்சிக்காய்க் கன்றுகள் என் பொறுப்பில் வந்து, தண்ணீர் கூடி ஒவ்வொன்றாக அழுகின. வெயில் படவேண்டும், கை கால் அசையவேண்டும், மெல்ல மெல்ல நடப்பாள் என்றார் வைத்தியர். நடப்பது இருக்கட்டும், வெளியே வர முதலில் ஆசை வரவேண்டுமே.

சீமெந்துத் தரை போட்டால் மாரித் தண்ணீர் குசினிக்குள் திரும்பும். அப்போதுதான் யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக்குப் பின்னால் பலகைத் தளம் போடுவதைப் பார்த்தேன். கால்கள் ஊன்றி, சட்டம் அடித்து, மேலே பலகை. தண்ணீர் அடியால் போகும், சில்லு மேலால் போகும். முதலில் எத்தனை பேர் பாவிக்கப் போகிறார்கள் என்று தீர்மானித்துவிட்டு மரம் வாங்கச் சொன்னான் அந்த மனிதன்.

"எத்தின பேர் மச்சான்?" என்று கேட்டான் மனைவியின் தம்பி. ஃபோன் கடை வைத்திருக்கிறவன். கணக்குப் பார்க்க ஃபோனைக் கையில் எடுத்துவிட்டான்.

"நம்மட குடும்பம்தானே. ஒரு சஹன் எண்டு வை."

ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுத்தான் சஹன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆட்களை எண்ணுவதில்லை, சஹனை எண்ணுவோம். அரிசி, இறைச்சி, பாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான். பலகைக்கு மட்டும் ஏன் அது சரிவராது?

அலுமாரி மேலிருந்து சஹனை இறக்கி மணலில் வைத்தேன். ஒரு பக்கம் நான் சப்பாணி கட்டி இருந்தேன், எதிரே அவள் தம்பி; எனக்கும் அவன் மச்சான்தான். மிச்ச நாலு பேருக்குப் பதிலாக நாலு தேங்காய்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, கந்தூரியா? கறி எங்க?"

"முதல்ல பலகை வரட்டும் காக்கா," என்றேன்.

முதுகுகளுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு நாடா பிடித்தோம். எட்டடிச் சதுரம். அரையடி அகலப் பலகை என்றால் பதினாறு. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணி. வெள்ளைக்காரனுக்கே பாடம் எடுக்கலாம் போலிருந்தது.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அந்தத் தேங்காயில எது நான்?"

"இந்தா, இந்தப் பெரிய..." என்று தொடங்கி, மச்சான் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"எல்லாரும் சப்பாணி கட்டி இரிக்கிற. எனக்கு நிலத்தில இரிக்க ஏலுமா? கதிரையோட வந்தா எங்க நிக்கிற, எங்க திரும்புற?"

நான் தேங்காயைப் பார்த்தேன். தேங்காய் என்னைப் பார்த்தது. யாருக்காகத் தளம் போடுகிறோமோ, அந்த ஆளுக்குத்தான் அதில் இடமில்லை.

சோக்குக் கட்டியோடு வீட்டுக்குள் போனோம். கதிரை ஒரு சுற்றுத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமென்று நடு அறையில் கீறிப் பார்ப்பது யோசனை. நான் பின்னால் பிடித்தேன்.

"விடுங்க. நீங்க தள்ளினா மறுகாவும் மணலுக்குள்ளதான் போகும்."

சில்லை அவளே பிடித்தாள், அன்றுதான் முதல் தடவையாக. பாதிச் சுற்றில் கை ஓய்ந்து நின்றாள். நான் எட்டி வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தேன். மிச்சப் பாதியையும் அவளே சுற்றினாள். பின்னாலேயே குனிந்து கோடு கீறிவந்த மச்சானுக்கு அவளைவிட மூச்சு வாங்கியது.

அவள் கோட்டைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. பழகினா வேகமாத் திரும்புவன்."

நான் சோக்கை வாங்கி, அவள் சொன்னபடியே கோட்டை வெளியே தள்ளிக் கீறினேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பிறகு கணக்கு அவள் கைக்குப் போயிற்று. பலகைகளுக்கு இடையில் விரல் அகலம் விட்டால் முன் சில்லு மாட்டும், ஓர் ஆணியின் தடிப்பளவு இடைவெளி போதும். வாசல் படியிலிருந்து சாய்வாக ஒரு பாதை. எல்லோரும் அவளுடைய உயரத்தில் இருக்க இரண்டு நீட்டு வாங்கு, சஹனை வைக்க ஒரு முக்காலி. மரம் வாங்கப் போன இடத்தில் மரக்காலைக்காரர் கேட்டார், "இவ்வளவு பெரிசு என்னத்துக்கு? ஆடவா?"

"ஓம். என்ட பொஞ்சாதி ஆடுவா," என்றேன்.

தளத்தை மரவேலை செய்யும் ஓடாவி அடித்துத் தந்தார். நான் மேற்பார்வை செய்தேன். அதாவது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை பகல் சஹன் அங்கேதான். அவள் தானே சில்லை உருட்டி வெளியே வந்தாள். பலகைகள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்றன. மகளும் மருமகனும் ஒரு வாங்கில், மச்சானும் அவன் மனைவியும் மற்றதில். எனக்கு இடமில்லை. வாங்கின் நீளத்தை மட்டும் நான்தான் கணக்குப் பார்த்திருந்தேன். மச்சானையும் என்னையும் கல்யாண ஃபோட்டோவில் இருந்த அகலத்தில் எண்ணிவிட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே கதிரையைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினாள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விழுந்தது. "அந்த வெறும் வாளியக் கவிட்டுப் போட்டு இரிங்க. கொச்சிக்காய்க் கண்ட அழுக வெச்சது நீங்கதானே."

இருந்தேன். சோற்றில் கை வைத்த பிறகும் அவள் பார்வை வளவின் கோடிக்குப் போனது.

"இஞ்ச இருந்து ஜம்பு மரத்தடி மட்டும் போக எத்தின பலகை வேணும்?"

நான் கையைக் கழுவிவிட்டு, மறுபடி அளவெடுக்கத் தேங்காய் தேடி எழும்பினேன்.