பின்பாட்டுக்கு ஆள் வேண்டாம்

போன வாரம் பூஜை அறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, சாமி ரூம்பு முழுக்க கோந்து" என்று கேட்டார். தண்ணீர் பட்டதும் கோந்தின் வாசனை கிளம்பியது. அதோடு என் பாவாவும் அவருடைய கம்ப்யூட்டரும் நினைவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் தறி ஓட்டுகிறார். எங்கள் பஜனைக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். கிருத்திகைக்குக் கிருத்திகை ஏழு பேர் முருகன் மலைக்குப் படியேறுவோம். அவர் ஒரு வரி எடுப்பார், நாங்கள் ஆறு பேர் அதைத் திருப்பிப் பாடுவோம். என் குரல் எண்ணெய் காணாத கிணற்று உருளை என்பது என் வீட்டுக்காரியின் கருத்து. பொய்யில்லை. ஆனால் ஆறு பேரோடு சேர்ந்தால் அது தெரியாது, குழம்பில் விழுந்த முற்றல் முருங்கைக்காய் மாதிரி போய்விடும். எனக்குத் தெரிந்த பக்தியே அந்தப் பின்பாட்டுதான். தனியாக நின்று முருகனைக் கூப்பிடும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

கோந்து என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எனக்குக் கல்யாணமான புதிதில், இதே வீட்டில், கோஷ்டிப் பாட்டை டேப் ரெக்கார்டரில் பிடித்தோம். நாடா அறுந்தால் ஒட்டுவது என் வேலை, விரலெல்லாம் பிசுபிசுக்கும். கூடத்து நடுவில் தலையணை மேல் டேப்பை வைத்துவிட்டு, யார் எங்கே உட்கார்வது என்று யோசிப்போம். கோஷ்டியில் நகரியிலிருந்து வருகிற ராஜுவுக்கு வெண்கலத் தொண்டை. உள்ளே வைத்தால் மற்றவர்கள் பாடியதே பதியாது. ஆகவே அவரைக் கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் கல்மேல் உட்கார வைத்தோம்.

"இன்னா நைனா, பாட வந்தவன தொவைக்க அனுப்பிட்டீங்க" என்றார் ராஜு. அங்கிருந்தபடியே அவர் போடும் அரோகரா, கடைசி எழுத்துத் தெலுங்கு இழுப்பில் நீண்டு, நாங்கள் நிறுத்திய பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். அன்றைக்கு எங்கள் 'செட்டப்' அவ்வளவுதான்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யலாம் என்று யாரோ பாவாவுக்குப் போனில் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வாயில் முருகன் பெயரைவிட மெமரியும் ப்ராசஸரும்தான் அதிகம் வந்தன. தறி மோட்டார் புகைந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர், லேப்டாப்பா மேசைக் கம்ப்யூட்டரா என்று நாள்கணக்கில் என்னோடு வாதாடினார்.

"லேப்டாப்னா ஃபேன் கத்தும் மச்சான். கத்துனா மைக்குல ஏறிடும்."

சத்தத்தைப் பிடிக்கச் சத்தமே போடாத பெட்டி வேண்டுமாம். கச்சேரிக்கு ஊமையைத் தேடினாற்போல இருந்தது.

திருவள்ளூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர், "எத்தினி பேருங்க பாடுவீங்க?" என்றார்.

"ஏழு பேரு" என்றார் பாவா.

"அப்ப ரெண்டு வழிங்க. ஏழு மைக்கு, அத்தினியும் சேந்து போய் விழற ஒரு பெட்டி, சின்ன கம்ப்யூட்டர். இல்லன்னா ஒரே மைக்கு, பெரிய கம்ப்யூட்டர். ஒருத்தரு பாடுனதயே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கலாம்."

பாவா என் முகத்தைப் பார்த்தார். "பெருசே வாங்கிடலாம் பாவா. சின்னது நாளைக்கே பழசாயிடும்" என்று சொன்ன மேதாவி வேறு யாருமில்லை, நான்தான். மணவூர் தாண்டுகையில் ரயிலில் கூட்டம் நெருக்கியது. என் பிழைப்பைக் கெடுக்கப்போகிற பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்தேன்.

பாவா வீட்டில் தறிச் சத்தம். ஆகவே என் பூஜை அறை பறிபோனது. எதிரொலி வராமலிருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பாவாவும் ஒரு கட்டு அட்டையோடு வந்து நின்றார். கிருத்திகை விரதம் தவறாதவருக்கு மெமரி, மெமரி என்று அலைந்ததில் அது எந்த அட்டை என்பதே மறந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரி வாசலை மறித்துக்கொண்டாள். "ஏண்ணா, முட்ட வெச்ச அட்டையயா சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டப்போறீங்க? இன்னும் ரெண்டு கருவாடும் மாட்டிடுங்க, நல்லா கேக்கும்." கடைசியில் தறியில் விழுந்த கழிவுத் துணியைக் கோந்து தடவி ஒட்டினார். அறை, தையற்கடைக் குப்பைத்தொட்டியின் உள்பக்கம்போல ஆனது. அந்த அறைக்குள் கம்ப்யூட்டரை வைத்து, பொட்டு வைத்துக் கற்பூரமும் காட்டினோம்.

மைக் ஒன்றுதான். ஆகவே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்த் தனியாகப் பாட வேண்டும். ராஜு வாயைத் திறந்ததுமே, சத்தம் அளவு மீறுகிறது என்று திரையில் சிவப்பு ஏறியது. "கொறச்சிப் பாடு ராஜு" என்றார் பாவா. குறைத்துப் பாடினால் அது யாரோ ஒருவர், ராஜு இல்லை. பிறகு என் முறை. பாடி முடித்து வெளியே வந்தேன். பாவா அதை எல்லாருக்கும் கேட்கும்படி ஓடவிட்டார்.

"மச்சான், இத வெச்சிகினா இத்தினி வருசமா மலையேறுன? முருகனுக்குப் பொறும ஜாஸ்திப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாளே எங்கள் ஆறு பேரையும் அழித்துவிட்டு ஆறு பேர் பாட்டையும் பாவாவே பாடி அடுக்கிவிட்டார். "நீங்கல்லாம் எதுக்கு செரமப்படணும்" என்று கரிசனம் வேறு. கேட்டுப் பார்த்தோம். ஒரு பாவா கூப்பிட, ஆறு பாவா பதில் கொடுத்தார்கள். தானே பேசித் தானே பதில் சொல்லிக்கொள்பவரை ஊரில் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு, பின்பாட்டை மட்டும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுமப்பதற்கு என் தோள். அடிவாரத்தில் ராஜு பெட்டியைப் பார்த்தார். "கோஷ்டி மொத்தமும் உன் தோள்மேலயே குந்திகினு வருதே நைனா, நாங்க எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் காவடிக் கூட்டத்தோடு போய்க் கலந்துவிட்டார். மற்ற நாலு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

பாதிப் படியில் பாவாவுக்கு மூச்சு முட்டியது. வரி எடுக்க முடியவில்லை. என் தோள்மேல் ஆறு பாவாக்கள் சளைக்காமல், அவர் பாடாத வரிக்குப் பதில் பாடிக்கொண்டிருந்தார்கள். அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்: "முன்னல்லாம் எந்தப் படியில மச்சான் உக்காந்து மூச்சு வாங்குவேன்?"

"நீங்க எங்க பாவா உக்காந்தீங்க? உங்களுக்கு மூச்சு வாங்கறது தெரிஞ்சா நாங்க அதே வரியத் திருப்பித் திருப்பிப் பாடிகினு இருப்போம். நீங்க நடந்துகினே சரியாயிடுவீங்க."

"ஆங்" என்றார்.

கம்ப்யூட்டர் இப்போது ஆர்.கே.பேட்டையில் ஒரு பழைய லுங்கியின் கீழே பஞ்சுத் தூசி தின்றுகொண்டிருக்கிறது. பாவா ஆட்டோவில் மேலே போய்விடுகிறார். நான் மட்டும் படியில் போகிறேன். முன்னால் போகிற ஏதாவது கூட்டம் வரி எடுத்தால், என் குரல் தெரியாத அளவுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்கிறேன். அரோகரா வருகிறது. எல்லாரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாகவே முடித்துவிடுகிறார்கள்; கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து சேர ஆளில்லை.