கல்லை நக்கிய மாப்பிள்ளை

ஜல்லிக் குவியலின்மேல் யாராவது தண்ணீர் ஊற்றினால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நேற்றுக்கூட அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு எழும்புகிறது. தூசி அடங்கட்டும் என்று கொத்தனார் ரப்பர் குழாயைப் பிடித்து ஜல்லியை நனைத்தார். சாம்பல் பூத்துக் கிடந்த குவியலில் கறுப்பும் வெள்ளையும் மாதுளை முத்துச் சிவப்பும் திடீரென்று தெரிந்தன. காய்ந்த கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, அதுவும் வந்தது. காய்கறிப் பையோடு நின்றுவிட்டேன்.

"என்ன சார், ஜல்லி மட்டமா இருக்கா?" என்றார் கொத்தனார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். அவரிடம் சொல்லி முடிகிற கதையா அது. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். எங்களுக்கு மதுரையை ஒட்டிய விளாங்குடியில் நிலம். அப்போது அங்கே நாலு வீடு இருந்தால் நாற்பது வயல் இருக்கும். அய்யா என்னைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பியபோது வக்கீலாகத் திரும்புவேன் என்று நினைத்திருந்தார். நான் பூகர்ப்ப சாஸ்திரம் படித்துவிட்டு வந்தேன். கல்லைப் பற்றிய படிப்பு என்று அவருக்கு விளக்கினேன். வெகுநேரம் யோசித்தார்.

"கல்லு ஒடைக்கவாடா பட்டணம் போன? அத இங்க மலையடியிலயே ஒடைக்கிறாகளே."

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தின காலம். வடக்கே சுரங்கங்களுக்கும் சர்வே இலாகாவுக்கும் வேலை கேட்டு எழுதியிருந்தேன். பதில் வருகிறவரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே கால் ஆடிக்கொண்டிருக்கும். விடிந்ததும் சுத்தியலோடு கிளம்பிவிடுவேன். ஒருநாள் நாகமலை, மறுநாள் வைகை. ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் அதற்குக் கறுகறுவென்று மீசை முளைக்கும். மணலோடு மணலாகக் கிடக்கிற இரும்புத் தாது அது. காந்தத்தின் மீசையைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருப்பேன். குளிக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நாக்குக்கு வருகிறேன். ஒரு கல் இன்னதென்று தெரியக் கண் மட்டும் போதாது. நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும், பிறகு செப்புக்காசால், பிறகு கத்தியால். சில கற்கள் நகத்துக்கே மசிந்துவிடும். வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்கிற வெள்ளைக்கல்லோ கத்தியைத்தான் தேய்க்கும். நிறம் தெரிய வேண்டுமென்றால் நனைக்க வேண்டும். பொட்டல் வெயிலில் தண்ணீருக்கு எங்கே போவது? நாக்குத்தான் இருக்கிறது. களிக்கல்லாக இருந்தால் நாக்கில் ஒட்டும், உப்பிருந்தால் கரிக்கும். கல்லூரியில் புரொபசர்களே நக்குவார்கள். அங்கே அது சாஸ்திரம்.

திண்டுக்கல் ரோட்டில் அது வேறாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரான பரவையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெயர் பாக்கியம். மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்தவள். பெண் பார்க்கப் போனபோது தலை குனிந்து நிற்கவேண்டியவள், என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பூதக்கண்ணாடியைக் கண் எடுக்காமல் பார்த்தாள். அதுவரை காலில் மட்டும் இருந்த பரபரப்பு அன்றைக்கு நெஞ்சுக்கு ஏறியது. ஆவணியில் பரிசம் போடுவதாகப் பேச்சு.

ஆடி முடியும் தருவாயில் என் அக்காள் புருஷன் வந்தார். அவருக்குப் பரவை மார்க்கெட்டில் வியாபாரம். அவர்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். வந்தவர் உட்காரவில்லை.

"மாப்ள, காரியத்தக் கெடுத்துட்டியே."

"என்ன மச்சான்?"

"பொண்ணோட தாய்மாமன் திண்டுக்கல் ரோட்டு வழியா வண்டியில வந்திருக்காரு. நீ ரோட்டோரம் குத்தவச்சு, கல்லு கல்லா எடுத்து நக்கிக்கிட்டு இருந்தியாம். மண்ணு திங்கிற சீக்கு, சோகைக்காரனுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டோம்னு நிக்கிறாரு."

"அது பரிசோதனை மச்சான்."

"நாக்க நீட்டுனியா இல்லையா?"

"நீட்டினேன்."

"அம்புட்டுத்தான். அதத்தான் அவரும் சொல்றாரு."

ஆத்தா அன்று மாலையே வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டை பிடித்துவிட்டாள். பரிசோதனை என்று அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். "சரிய்யா, பரிசோதனைதான். வாயத் தொற" என்றாள். விழுங்கினேன். விழுங்கிய பிறகு எனக்குச் சீக்கு இருப்பது ஊரில் உறுதியாகிவிட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே ஒரு சாக்கில் கற்களைக் கட்டிக்கொண்டு, மச்சானையும் இழுத்துக்கொண்டு பரவைக்குப் போனேன். சீர்வரிசை கொண்டுபோகிறவன் மாதிரி சாக்கை நான் தோளில் சுமந்தேன். மச்சான் பத்தடி தள்ளியே வந்தார்.

தாய்மாமன் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். பெண்ணின் அம்மா தூணருகே. உள்வாசல் நிலைக்குப் பின்னால் ஒரு சேலைக் கரை தெரிந்தது. நான் கற்களை முற்றத்தில் பரப்பினேன்.

"இதெல்லாம் எப்படிப் பிறந்துச்சுன்னு படிக்கிறதுதான் மாமா என் படிப்பு."

"கல்லு பொறக்குமா தம்பி? அது என்ன, ஆடா மாடா?"

"பனங்கற்கண்டு எப்படி மாமா விளையுது? பதனிப் பாகை ஊத்தி, நூலைப் போட்டு, அசையாம வச்சா நாளாவட்டத்துல கட்டி கட்டியா வருது. அதே பதனியக் கிண்டிச் சட்டுனு ஆறவிட்டா கருப்பட்டி. பூமிக்குள்ள பாறைக் குழம்பும் அப்படித்தான். ஆழத்துல மெள்ள ஆறுனா மணி மணியா விளையும். வெளிய வந்து சட்டுனு ஆறுனா மணியே தெரியாது."

அவர் மறுக்கவில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நின்றபடி, நடந்தபடி, கையை வீசிப் பேசினேன். மழை கரைத்ததை ஆறு கொண்டுபோய்க் கொட்ட, படிவு படிவாக இறுகிக் கல்லாவது ஒரு வகை. இருக்கிற பாறையே மண்ணுக்குள் வெகு ஆழம் போய், உருகாமல் வெந்து, மேல்பாரத்தில் நசுங்கி வரி வரியாக மாறுவது இன்னொரு வகை. மேலே மூடியிருந்ததெல்லாம் தேய்ந்த பிறகு அது வெளியே தலை காட்டும். நம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் அப்படி வெந்து மாறியவை. பாறை என்பது வெண்பொங்கல் மாதிரி என்றேன். அதிலுள்ள அரிசி, பருப்பு, மிளகு போலத்தான் கனிமங்கள். ஒரு சாம்பல் கல்லைக் காட்டி, இதற்குள் சிவப்பு மணிகள் இருக்கின்றன என்றேன்.

"இது என்ன, மினுங்குது?"

"காக்காப்பொன் மாமா. ஏடு ஏடா உரியும்."

"இதுல செவப்பு இருக்குன்னியே, எங்க?"

பழக்க தோஷம். கல்லை எடுத்து நாக்கை நீட்டிவிட்டேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏந்தம்பி, ஒரு செம்புத் தண்ணி கேட்டா குடுக்க மாட்டமா? எச்சி எதுக்கு?" என்றாள் பெண்ணின் அம்மா.

சேலைக் கரை நகர்ந்தது. பாக்கியம் செம்போடு வந்து, யாரையும் கேட்காமல் கல்லின்மேல் ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் சிவப்பு மணிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கல்லு இன்னும் எங்கெங்க கெடைக்கும்?"

"வடக்கே நெறைய. மலை மலையா" என்றேன்.

தாய்மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீக்கு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. சந்தோசம். ஆனா தம்பி, வடக்கன்னா எம்புட்டுத் தூரம்? புள்ளய அங்கிட்டெல்லாம் அனுப்பிட்டு நாங்க இங்க உக்காந்திருக்க முடியாது."

சம்பந்தம் கைக்கு வந்து நழுவப் போகிறது என்று பட்டது. யோசிக்கவில்லை. "வடக்கே போகமாட்டேன் மாமா. மதுரையிலேயே வாத்தியார் வேலை பாத்துக்கிறேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மச்சான் கண்ணைத் திறந்தார். பாக்கியம் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் பரிசம், தையில் கல்யாணம். கல்யாணமான புதிதில் ஒரு மாலை அவளாகவே கேட்டாள்.

"வடக்க போகமாட்டேன்னு ஏன் சொன்னீக?"

"இல்லாட்டி உன்னைக் கொடுத்திருக்க மாட்டாங்களே."

"மாமாவக் கேட்டீக. என்னையக் கேட்டீகளா?"

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"எங்க மாமா வந்து சொன்ன அன்னைக்கே வீட்ல சண்ட. பரவையத் தாண்டி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவாருன்னுதான், நக்குனா நக்கிட்டுப் போகட்டும்னு நான் சொன்னேன்."

வடக்கேயிருந்து பிறகு ஒரு வேலை வரத்தான் செய்தது. கொடுத்த வாக்கு இருந்தது, போகவில்லை. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனேன். விளாங்குடி வீட்டுக்கு ரயில் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் வண்டி கூவினால் பாக்கியம் அடுப்பை விட்டு எழுந்து பின்வாசலுக்குப் போவாள். சத்தம் தேய்கிறவரை நின்றுவிட்டு, "இது எங்கிட்டுப் போகுது?" என்பாள். எனக்குத் தெரிந்த ஊரையெல்லாம் வரிசையாகச் சொல்வேன். சொல்லி முடிக்கிறவரை என் முகத்தையே பார்ப்பாள். ரசம் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு.

ரிட்டையரான வருஷம் வடக்கே போய்வர டிக்கெட் விசாரித்து வந்தேன். பெரிய சமாசாரம் கொண்டுவந்தவனைப்போல அவள் முன்னால் நின்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு முழங்காலு ஒத்துக்காது" என்றாள்.

நானும் போகவில்லை. வண்டிகள் முன்னைவிட அதிகமாகத்தான் ஓடுகின்றன. இன்று காலையும் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போயிற்று. பாக்கியம் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அந்த வண்டி எங்கே போகிறது என்று நானாகவே சொன்னேன். "ம்" என்றாள்.